முடி சூடாமல் இருபது ஆண்டுகள்

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் வரலாற்றைப் பேசப் புகுவோர் பெரும்பாலும் இருவர் பெயரோடு நின்றுவிடுகின்றனர். ஒருவர், நகரத்தின் நேரான அகன்ற வீதிகளை வகுத்த திவான் சேஷையா சாஸ்திரியார். மற்றவர், ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்து நாட்டை விட்டு நீங்கிய அரசர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான். முன்னவரை நன்றியோடும் பின்னவரை வியப்போடும் நினைவு கூர்வது நம் பகுதி மக்களின் வழக்கம். இவ்விருவர் புகழின் நிழலில் மறைந்து நிற்கும் மூன்றாமவர் ஒருவர் உண்டு. 1909 முதல் 1922 வரை திவானாகவும், 1922 முதல் 1929 வரை ரீஜண்ட் என்னும் ஆட்சிப் பொறுப்பாளராகவும் இருந்து, முடி சூடாமலே இருபது ஆண்டுகள் இந்நாட்டின் பொறுப்பைச் சுமந்த விஜய ரகுநாதப் பல்லவராயர் துரைராஜா அவர். நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்கப்பட்டபோது இவரைப் பற்றியே எழுத வேண்டும் என்று தோன்றியது. காரணம் உண்டு.

என் முனைவர் பட்ட ஆய்வுக்காக நார்த்தாமலை, குடுமியான்மலைப் பகுதிக் கல்வெட்டுகளைப் பயின்ற நாள்களில், புதுக்கோட்டைத் தர்பார் 1929இல் வெளியிட்ட கல்வெட்டு மூலத் தொகுதி இரவும் பகலும் என் மேசை மேல் இருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாசனங்களை அரச மரபு வாரியாக வகுத்து அச்சிட்ட நூல் அது. இவ்வளவு சிறிய சமஸ்தானம் இவ்வளவு பெரிய பணியை எப்படிச் செய்தது, யார் காலத்தில் செய்தது என்னும் வினா எழுந்தது. அப்போது நாட்டில் அரசர் யார் என்று பார்த்தால், ஒருவர் பாரிசில் இறந்திருந்தார். அடுத்தவருக்கு வயது ஏழு கூட நிரம்பவில்லை. அப்படியானால் ஆண்டவர் யார்? இந்த வினாவின் வழியேதான் நான் துரைராஜாவிடம் வந்து சேர்ந்தேன்.

சமஸ்தானத்தின் அளவை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். பரப்பு ஏறத்தாழ 1,180 சதுர மைல். மக்கள் தொகை 1931ஆம் ஆண்டுக் கணக்கின்படி நான்கு லட்சத்தைச் சற்றே தாண்டியது. திருச்சி, தஞ்சை, மதுரை, இராமநாதபுரம் என்னும் ஆங்கிலேய ஆட்சிப் பகுதிகள் நாற்புறமும் சூழ, நடுவே ஒரு தீவு போலக் கிடந்த நாடு. ஆலங்குடி, திருமயம், குளத்தூர் என்று மூன்றே வட்டங்கள். நம் கீரனூர் குளத்தூர் வட்டத்தின் தலைமையிடம். மழையை நம்பிய கண்மாய்ப் பாசனமும் மேட்டு நிலமும் செம்மண்ணும் பாறையுமாக அன்றும் இன்று போலவே இருந்த வட்டம் இது. கடற்கரை இல்லை, பெரிய ஆறு இல்லை, பெருந்தொழில் எதுவும் இல்லை. ஆயினும் தனக்கென ஒரு காசு இருந்தது. பிரகதாம்பாள் உருவம் ஒருபுறமும் ‘விஜய’ என்னும் சொல் தெலுங்கு எழுத்தில் மறுபுறமும் பொறித்த அம்மன் காசு. நவராத்திரி நாள்களில் அரிசியோடு சேர்த்து வழங்கப்பட்ட அந்தச் சிறு செப்புக் காசுகளில் இரண்டை என் பாட்டியார் சுருக்குப் பையில் இறுதி வரை வைத்திருந்தார். “ராசா குடுத்தது” என்பார். எந்த ராசா என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. அவர் அறியாமல் இருந்ததில் வியப்பில்லை. அவர் சிறுமியாக இருந்த காலத்தில் ராசா ஊரிலேயே இல்லை.

இதை ஒரு கணக்காகவே காட்டலாம். இராமச்சந்திரத் தொண்டைமான் மறைந்த 1886 முதல் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் கலந்த 1948 வரை அறுபத்திரண்டு ஆண்டுகள். இவற்றுள் 1886 முதல் 1894 வரை அரசர் சிறுவர். 1916 முதல் 1928 வரை அரசர் அயல்நாட்டில். 1928 முதல் 1944 வரை மீண்டும் அரசர் சிறுவர். ஆக முப்பத்தாறு ஆண்டுகள் அரியணை இருந்தது. அமர்ந்து ஆள்பவர் இல்லை. புதுக்கோட்டையின் அண்மைக்கால வரலாறு அரசர் வரலாறன்று, அமைச்சர் வரலாறே என்று நான் கருதுவது இதனால்தான்.

வள்ளுவர் பொருட்பாலில் அமைச்சியலுக்கென்று பத்து அதிகாரங்களை ஒதுக்கியிருக்கிறார். அரசனுக்கு நெருங்கியும் இருக்க வேண்டும், நெருக்கத்தால் கெட்டும் விடக்கூடாது என்பதை ‘மன்னரைச் சேர்ந்தொழுகல்’ என்னும் அதிகாரத்தில் அவர் விளக்கும் முறையை வகுப்பறையில் பலமுறை பாடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த அமைச்சனுக்கு ஒரே ஒரு மன்னன். இருபதாம் நூற்றாண்டின் சமஸ்தானத் திவானுக்கோ மேலே இரண்டு அதிகாரங்கள் இருந்தன. ஒன்று அரண்மனை, மற்றொன்று பிரிட்டிஷ் பேரரசு. சம்பளம் அரண்மனைக் கருவூலத்திலிருந்து வரும். பதவி நிலைப்பது பேரரசின் ஒப்புதலால். கீழே குடிகள். அவர்கள் விண்ணப்பம் எழுதுவார்கள். கேட்டால் கேட்டது, கேளாவிட்டால் இல்லை. துரைராஜாவின் நிலையில் இன்னொரு சிக்கலும் சேர்ந்திருந்தது. அவர் சேர்ந்தொழுக வேண்டிய மன்னர் அவருடைய சொந்தத் தம்பி.

இராமச்சந்திரத் தொண்டைமானுக்கு ஆண் வாரிசு நிலைக்கவில்லை. மூத்த மகள் பிரகதாம்பாள் ராஜாமணி பாயி சாகிப். அவரை மணந்தவர் குழந்தைசாமிப் பல்லவராயர். இவர்களுடைய மூன்றாம் மகனை 1877இல் பாட்டனாரான அரசர் தத்தெடுத்துக் கொண்டார். இரண்டு வயதும் நிரம்பாத அக்குழந்தையே பின்னாளில் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் ஆனது. 1872இல் பிறந்த ரகுநாதர் அப்போது ஐந்து வயதுச் சிறுவர். தத்துப் போன குழந்தையின் தமையன். மூத்தவர் இருக்க இளையவருக்கு நாடு போன செய்தி தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. இளங்கோவடிகள் தமையன் செங்குட்டுவனுக்காகத் துறவு பூண்ட கதையில் துறந்தவர் இளையவர். பரதன் பாதுகையை வைத்து ஆண்டபோதும் ஆண்டவன் இளையவன், காட்டில் இருந்தவன் மூத்தவன். இங்கே எல்லாம் தலைகீழ். உரிமை இழந்தவரும் மூத்தவர். பின்னர் இளையவருக்காகக் காத்து ஆண்டவரும் மூத்தவர். அந்தத் தம்பியும் காட்டுக்குப் போகவில்லை, சிட்னியின் குதிரைப் பந்தயத் திடலுக்குப் போனார் என்பது வேறு செய்தி.

1886இல் பத்து வயதில் அரசுரிமை பெற்ற மார்த்தாண்டருக்கு 1894 நவம்பரில் முழு அதிகாரம் வழங்கப்பட்டது. அதுவரை சேஷையா சாஸ்திரியார் திவான் ரீஜண்டாக இருந்து நாட்டை நடத்தினார். விளைச்சலைக் களத்திலேயே பங்கிட்டு வசூலிக்கும் அமானி முறையை நீக்கிப் பணத் தீர்வையைக் கொணர்ந்தவர் அவர். 1888இல் இனாம் நிலங்களை ஒழுங்குபடுத்தியவரும் அவரே. அவருடைய பணிகளின் பயன் கண்ணுக்குத் தெரியும். குளம் தெரியும், வீதி தெரியும், கச்சேரிக் கட்டடம் தெரியும். அவருக்குப் பின் வந்தவர்களின் பணி பெரும்பாலும் அவர் போட்ட கோட்டின் மேல் நடப்பதாகவே இருந்தது. வேதாந்தாசாரியார், வெங்கடராமதாஸ் நாயுடு ஆகியோர் திவான்களாக இருந்தனர். வெங்கடராமதாஸ் நாயுடுவின் காலத்தில்தான், 1902இல், மக்கள் பிரதிநிதி சபை ஒன்று தொடங்கப்பெற்றது. ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைகளைச் சொல்லிக் கலையும் அவை அது. சட்டம் இயற்றும் உரிமை அதற்கில்லை.

அரசர் 1898 முதலே ஐரோப்பியப் பயணங்களில் நாட்டம் கொண்டிருந்தார். ஆங்கில ஆசிரியரிடம் பயின்றவர்; ஆங்கில வாழ்க்கையில் தோய்ந்தவர். அவரைக் கொடுங்கோலர் என்று யாரும் சொன்னதில்லை. முத்துலட்சுமி அம்மையார் மகாராஜா கல்லூரியில் ஆண் மாணவர்களோடு அமர்ந்து பயில எதிர்ப்பு எழுந்தபோது அவருக்கு இடம் கொடுக்கச் செய்தவர் இந்த அரசரே. அந்த ஒரு செயலுக்காகவே, கல்லூரியில் கற்பிக்கும் என் போன்ற பெண்கள் அவருக்குக் கடன்பட்டவர்கள். ஆனால் நாட்டில் தங்கி அன்றாடக் கோப்புகளைப் பார்ப்பதில் அவருக்கு மனம் செல்லவில்லை. இந்நிலையில்தான் 1909இல் தமையனார் திவான் பொறுப்பை ஏற்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்தேழு.

ஒரு திவான் வெளியூரிலிருந்து வருவதே அக்காலச் சமஸ்தானங்களில் வழக்கம். சேஷையா சாஸ்திரியார் திருவிதாங்கூரில் திவானாக இருந்துவிட்டு இங்கு வந்தவர். இன்று இந்தச் சமஸ்தானம், நாளை வேறொன்று. அவர்களுக்குத் திரும்பிச் செல்ல ஓர் ஊர் இருந்தது. துரைராஜாவுக்கு இந்த மண்ணை விட்டால் வேறு இடம் இல்லை. உறவினர் யார், பகையாளி யார், எந்தப் பாளையக்காரன் குடும்பத்துக்கு எந்த மானியம், எந்தக் கோயிலில் எந்த வகையறாவுக்கு முதல் மரியாதை என்பதெல்லாம் அவருக்குப் பிறப்போடு வந்த அறிவு. இது பலமா பலவீனமா என்று ஒரே சொல்லில் சொல்ல முடியாது. வழக்கு என்று வந்தால் வெளியூர்த் திவான் பார்ப்பது ஆவணத்தை. உள்ளூர்த் திவான் முகத்தையும் பார்ப்பார்.

அவர் பதவியேற்ற மறு ஆண்டாகிய 1910இல் புதுக்கோட்டை அருங்காட்சியகம் நிறுவப்பெற்றது. தென்னாட்டின் பழைய அருங்காட்சியகங்களுள் ஒன்று இது. 1916இல் மகாராஜா கல்லூரியைச் சார்ந்த எஸ். இராதாகிருஷ்ணய்யர் எழுதிய புதுக்கோட்டைப் பொது வரலாறு வெளிவந்தது. அரண்மனைச் சார்பு அந்நூலில் ஆங்காங்கே தலைகாட்டுவது உண்மையே. எனினும் அதனைத் தொடாமல் இன்றும் எவரும் இந்நாட்டு வரலாற்றை எழுத முடியாது. சித்தன்னவாசல் ஓவியங்கள் அறிஞர் உலகின் கண்ணில் பட்டதும் இவ்விருபது ஆண்டுகளுக்குள்ளேயே. இவை அனைத்தும் திவானின் தனி முயற்சி என்று நான் வாதிட வரவில்லை. அரசர் இல்லாத நாட்டில் இத்தகைய பணிகள் நின்றுவிடாமல் நடந்தன. அதற்குரிய பணமும் ஆணையும் ஒருவர் மேசையைக் கடந்தே சென்றிருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

1915 ஆகஸ்டில் மெல்போர்ன் நகரில் மார்த்தாண்ட பைரவர் மோலி ஃபிங்க் என்னும் நங்கையைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். புதுமணத் தம்பதியர் புதுக்கோட்டைக்கு வந்தனர்; சில திங்களே தங்கினர். பேரரசர் அந்தத் திருமணத்தை ஏற்கவில்லை. அரச குடும்பத்தினர் பலரும் ஏற்கவில்லை. அரசிக்கு நஞ்சூட்ட முயற்சி நடந்தது என்றும், அரளியே அந்நஞ்சு என்றும் பேச்சு உண்டு. 1916இல் இருவரும் ஆஸ்திரேலியாவுக்கே திரும்பினர். அவ்வாண்டு ஜூலையில் சிட்னியில் ஆண் குழந்தை பிறந்தது. மார்த்தாண்ட சிட்னி என்று பெயரிட்டனர். அக்குழந்தைக்கு வாரிசுரிமை இல்லை என்று பிரிட்டிஷ் அரசு உறுதியாகக் கூறிவிட்டது. அதன் பின் அரசர் புதுக்கோட்டை மண்ணை மிதித்து ஆளவில்லை.

இந்தக் காதற்கதையை நாடகமாகவும் தொடர்கதையாகவும் எழுதத் தக்க சுவை உண்டு, எழுதியும் இருக்கின்றனர். அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் கதை சிட்னிக்கும் கான் நகருக்கும் போய்விடும்போது, இங்கே குளத்தூர் வட்டத்தில் கண்மாய் உடைந்தால் யாரிடம் சொல்வது, தீர்வைத் தள்ளுபடி யார் கொடுப்பது என்பவை கதைக்கு வெளியே நின்றுவிடுகின்றன. பசலி ஆண்டு ஜூலையில் பிறக்கும். தாசில்தாரின் கணக்கு கீரனூரிலிருந்து புதுக்கோட்டைக்குப் போகும். அங்கே அதைப் பார்க்க ஒருவர் இருந்தார். பேரரசின் மேற்பார்வையும் அவர் தலைக்கு மேல் நின்றது. அரசரின் செலவுக்கு அயல்நாட்டுக்குப் பணம் போய்க்கொண்டிருந்தது. இங்கே முதல் உலகப் போர்க்கால விலையேற்றம். தம்பிக்குப் பணம் அனுப்பும் தமையனாகவும், அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று அறிந்த திவானாகவும் ஒரே மனிதர் இருக்க நேர்ந்ததை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதற்கு 1921, 1922ஆம் ஆண்டுகளில் ஒரு முடிவு ஏற்பட்டது. உதவித்தொகை பெற்றுக்கொண்டு ஆட்சிப் பொறுப்பிலிருந்து விலக மார்த்தாண்டர் இசைந்தார். அரசர் என்னும் பெயர் அவரிடமே இருந்தது. அதிகாரம் ரீஜண்டாக அமர்த்தப்பட்ட தமையனாரிடம் வந்தது. திவான் என்பவர் அரசரின் பெயரால் ஆணையிடுபவர். ரீஜண்ட் அரசரின் இடத்திலேயே அமர்பவர். 1877இல் கைவிட்டுப் போனது நாற்பத்தைந்து ஆண்டு கழித்து முக்கால் பங்கு திரும்பி வந்தது எனலாம். மீதிக் கால் பங்கு முடி.

அடுத்த ஆண்டே பேரரசு தன் முறையை மாற்றிக்கொண்டது. அதுவரை திருச்சி மாவட்ட ஆட்சியரே புதுக்கோட்டைக்கு அரசியல் முகவராக இருந்து வந்தார். 1923இல் சென்னைச் சமஸ்தானங்களின் முகமை அமைக்கப்பட்டு, திருவிதாங்கூர், கொச்சி, பங்கனபள்ளி, சந்தூர் ஆகியவற்றோடு புதுக்கோட்டையும் இந்திய அரசின் நேரடித் தொடர்பில் வந்தது. முகவர் திருவனந்தபுரத்தில் இருந்தார். மூன்று வட்டங்கள் கொண்ட நாடு, கடலும் துறைமுகமும் உடைய நாடுகளோடு ஒரே வரிசையில் வைத்துப் பார்க்கப்பட்டது. 1924 முதல் திருவிதாங்கூரிலும் ரீஜண்ட் ஆட்சியே. சிறுவரான சித்திரைத் திருநாளுக்காக மகாராணி சேது லட்சுமி பாயி 1931 வரை ஆண்டார். வைக்கம் போராட்டத்தின் சூட்டில் பதவியேற்ற அந்த அம்மையாரின் பெயரை இன்று கேரளத்தில் பலரும் அறிவர். நம் ரீஜண்டை நம்மவர் அறியார். இது அவர் செய்ததின் அளவா, நாம் எழுதாததின் அளவா என்று என்னை நானே கேட்டுக்கொண்டதுண்டு. இரண்டும் கலந்தது என்றே தோன்றுகிறது.

ரீஜண்ட் காலத்தின் முதன்மையான நிகழ்ச்சி 1924இல் சட்டசபை தொடங்கப்பெற்றதாகும். 1902இன் பிரதிநிதி சபைக்குப் பதிலாக வந்த இதில் தேர்ந்தெடுக்கப்பட்டவரும் நியமிக்கப்பட்டவரும் இருந்தனர். வினா எழுப்பலாம், தீர்மானம் கொண்டுவரலாம், வரவு செலவை விவாதிக்கலாம். ஆனால் எதுவும் ஆட்சியைக் கட்டுப்படுத்தாது. திருமயத்தில் பிறந்த சத்தியமூர்த்தி சென்னை மாகாணச் சட்டசபையில் ஆங்கிலேய அரசைத் திணறடித்துக் கொண்டிருந்த காலம் அது. அவர் பிறந்த நாட்டின் சபையோ அடக்கத்தோடு வினவி அடக்கத்தோடு விடை பெற்றது. துரைராஜாவைப் பாராட்டும் நான் இவ்விடத்தில் அவரைக் குறை கூறாமல் இருக்க முடியவில்லை. மக்களிடம் அதிகாரத்தைச் சிறிதேனும் பகிர்ந்தளிக்கக் கூடிய தருணம் ஒன்று உண்டென்றால் அது அதுவே. அரண்மனைக்குள் எதிர்க்கும் அரசர் இல்லை. ஊரை அறிந்த ஆட்சியாளர் இருந்தார். ஆனால் அவருக்கு வந்த அதிகாரம் மேலிருந்து வந்தது. தம்பி விட்டுக் கொடுத்தார், பேரரசு ஒப்புக்கொண்டது; குடிகள் கொடுத்தது எதுவும் இல்லை. எனவே குடிகளுக்குக் கொடுக்கும் உரிமை தமக்கு உண்டென்று அவர் எண்ணியிருக்க வாய்ப்பில்லை. வேறொருவர் சொத்தைக் காவல் காப்பவர் அதைச் சிதைய விடமாட்டார், பெருக்கவும் துணியமாட்டார். அவருடைய ஆட்சியின் சிறப்பும் குறையும் இந்த ஒரே இடத்திலிருந்து பிறந்தவை என்பது என் துணிபு.

1928 மே 28ஆம் நாள் மார்த்தாண்ட பைரவர் பாரிசில் காலமானார். உடலைப் புதுக்கோட்டைக்குக் கொணர ஒப்புதல் கிடைக்கவில்லை. இலண்டன் கோல்டர்ஸ் கிரீன் எரியூட்டு நிலையத்தில் தகனம் நடந்தது. தொண்டைமான் மரபின் அரசர் ஒருவருக்கு அவர் மண்ணிலே எரியூட்ட ஒரு சாண் இடம் இல்லாமற் போயிற்று.

அடுத்து வாரிசு யார்? சிட்னி என்னும் சிறுவர் விலக்கப்பட்டவர். ஐம்பத்தாறு வயதான ரீஜண்ட் ஆட்சியில் இருந்தார், இருபது ஆண்டு அனுபவம், அரசரின் உடன்பிறந்தவர். ஆனால் தேர்வு தொண்டைமான் குடும்பத்தின் வேறொரு கிளையில் 1922 ஜூனில் பிறந்த இராஜகோபாலத் தொண்டைமான் மீது விழுந்தது. 1928 நவம்பர் 19ஆம் நாள் ஆறு வயதுக் குழந்தைக்கு முடி சூட்டப்பட்டது. அரியணை துரைராஜாவை இரண்டாம் முறையாகக் கடந்து சென்றது. முதல் முறை அவர் குழந்தை. இரண்டாம் முறை வந்தது குழந்தையிடம். மரபு முறைப்படி நோக்கினால் அவர் பல்லவராயர் குடியினர், தாய்வழியில்தான் தொண்டைமான். தம்பிக்குத் தத்து என்னும் பாலம் இருந்தது. இவருக்கு அது இல்லை. சட்டப்படி முறைதான். ஆனால் அந்த முடிசூட்டு நாளில் ரீஜண்டாக அவரே இருந்தார் என்பதைப் படிக்கும்போது, அந்தக் கொலுமண்டபத்தில் அவர் எந்த இடத்தில் நின்றிருப்பார் என்று மனம் தேடுகிறது.

குழந்தை அரசரும் உறவினர் காவலும் நம் நாட்டுக்கு மட்டும் உரியவை அல்ல. அரபு நாடாகிய இராக்கில் 1939இல் மன்னர் காசி விபத்தில் இறந்தபோது மகன் இரண்டாம் பைசலுக்கு நான்கு வயது கூட நிரம்பவில்லை. தாய்மாமன் அப்துல் இலாஹ் 1953 வரை ரீஜண்டாக இருந்தார். பலமுறை தலைமை அமைச்சராக இருந்த நூரி அஸ்ஸயீத் என்னும் தேர்ந்த அரசியலாளர் உண்மையான அதிகாரத்தை நடத்தினார். பிரிட்டனின் நட்பே அவருடைய பலம்; அதுவே அவருக்குப் பகையும் ஆயிற்று. 1958 ஜூலைப் புரட்சியில் அரசர், முன்னாள் ரீஜண்ட், நூரி மூவருமே கொல்லப்பட்டனர். பேரரசின் நிழலில் நின்று முடியைக் காத்தவர்களுக்கு அங்கே நேர்ந்த முடிவு இது. எண்ணெய் வளமும் படையும் உடைய நாட்டை மூன்று வட்டச் சமஸ்தானத்தோடு ஒப்பிடுவது மிகை என்று சிலர் கருதலாம். அளவு வேறு, அமைப்பு ஒன்றே. மேலிருந்து வரும் ஒப்புதலால் நிற்கும் ஆட்சி கீழிருந்து வரும் கேள்விக்கு விடை சொல்லப் பழகுவதில்லை. இங்கும் கேள்வி வந்தது. சற்றுத் தாமதித்து வந்தது.

1929 பிப்ரவரியில் துரைராஜாவின் பொறுப்பு முடிந்தது. திருவிதாங்கூரில் திவானாக இருந்த டி. இராகவையா ஆட்சித் தலைமைக்கு வந்தார். அவ்வாண்டே திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டது. கீரனூருக்கு இரயில் வந்தது. 1930இல் அது மானாமதுரை வரை நீண்டது. கல்வெட்டுத் தொகுதியும் அந்த 1929லேயே அச்சேறியது. நெடுங்கால உழைப்பின் பயன்கள் கைக்கு வரும்போது உழைப்பைக் கண்காணித்தவர் நாற்காலியில் இல்லை. 1930இல் அவர் மறைந்தார்.

1931 ஜூலையில் புதிய வரிகளை எதிர்த்துப் புதுக்கோட்டை நகரில் பெருங்கிளர்ச்சி வெடித்தது. இருபது ஆண்டுகளாக அடக்கத்தோடு விண்ணப்பித்தவர்களின் பொறுமை முடிந்துவிட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. பழி முழுவதையும் அப்போது பொறுப்பில் இருந்தவர்கள் மீதே சுமத்துவோர் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. 1924இல் கொடாமல் விட்டதற்கும் அதில் பங்குண்டு. கிளர்ச்சிக்குப் பின் ஆங்கிலேய அதிகாரிகளே நேரடியாக ஆட்சித் தலைமைக்கு வந்தனர். முதலில் ஹோல்ட்ஸ்வொர்த்; 1934 முதல் அலெக்சாண்டர் டாட்டன்ஹாம். டாட்டன்ஹாம் பன்னிரண்டு ஆண்டுகள் இங்கே இருந்து 1946இல் இம்மண்ணிலேயே இறந்தார். கே. ஆர். வேங்கடராமய்யர் தொகுத்த சமஸ்தான மானுவல் அவர் காலத்தது. அதன் பயனை ஆய்வாளர் அனைவரும் அறிவர். ஆனால் சொந்த ஊர்க்காரர் ஒருவர் ஆட்சித் தலைமையில் அமர்வது துரைராஜாவோடு முடிந்தது.

கடைசித் திவானாக வந்தவர் திருச்சியைச் சேர்ந்த கான் பகதூர் கலீபுல்லா சாகிப். 1937 ஏப்ரல் முதல் ஜூலை வரை சென்னை மாகாணத்தை நடத்திய கூர்மா வெங்கடரெட்டி நாயுடுவின் இடைக்கால அமைச்சரவையில் அமைச்சராக இருந்தவர். மறு ஆண்டு பள்ளிகளில் கட்டாய இந்தி வந்தபோது, தாம் ஓர் இராவுத்தர், தம் தாய்மொழி தமிழே என்று சட்டசபையில் எழுந்து சொன்னவர். அரசியல் மேடையிலிருந்து திவான் பதவிக்கு வந்தவர் என்ற வகையில் அவர் முன்னவர்களினின்றும் வேறுபட்டவர். சேஷையா சாஸ்திரியார் கோப்புகளைக் கற்று வந்தார். துரைராஜா பிறப்பால் வந்தார். கலீபுல்லா வாக்குக் கேட்டு வந்த அனுபவத்தோடு வந்தார். ஆனால் அவர் வந்தபோது நடத்துவதற்கு எஞ்சியிருந்தது சிறிது காலமே. 1944 ஜனவரியில் முழு அதிகாரம் பெற்ற இராஜகோபாலத் தொண்டைமானின் இருபத்தைந்தாம் வயதில், 1948 மார்ச் 3ஆம் நாள், புதுக்கோட்டை திருச்சி மாவட்டத்தோடு இணைந்தது. ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. அரசர் கையெழுத்திட்டுக் கொடுத்தார். பிற்காலத்தில் அவருடைய அரண்மனை மாவட்ட ஆட்சியர் அலுவலகமாயிற்று.

1974 ஜனவரியில் புதுக்கோட்டை தனி மாவட்டமானபோது பழைய சமஸ்தானத்தின் வடிவம் ஓரளவு மீண்டது. அந்நாளில் கீரனூர் முதியோர் “மறுபடி நம்ம கச்சேரிக்கே போகலாம்” என்று மகிழ்ந்ததாக என் தந்தையார் சொல்வார். என் பாட்டியார் அப்போதும் அந்த இரண்டு அம்மன் காசுகளை வைத்திருந்தார். ஒன்று இப்போது என்னிடம் உள்ளது. அம்மன் உருவம் தேய்ந்துவிட்டது. மறுபுறத்து ‘விஜய’ மட்டும் இன்னும் படிக்க முடிகிறது. அது எந்த ஒரு மனிதரின் பெயரும் அன்று என்பது எனக்குத் தெரியும். எனினும் ராசா ஊரில் இல்லாத ஆண்டுகளில் அந்தக் காசு நவராத்திரிக்குத் தவறாமல் கீரனூர்ச் சிறுமி ஒருத்தியின் கைக்கு வந்து சேர ஏற்பாடு செய்தவர் பெயரின் முதற்பகுதியும் விஜய என்பதே.